பதினான்காம் கேள்வி

அத்தியாயம் 9

காலை எட்டு மணி வரை அது சாப்பாட்டு மேசை. எட்டு மணிக்கு மேல் அதுதான் உனைசியின் அலுவலகம்.

மரவள்ளிக் கிழங்குத் தட்டுகள் தொட்டிக்குப் போயின. பப்பாளிப் படம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் துடைத்துவிட்டுப் பச்சைக் கோப்பை எடுத்து நடுவில் வைத்தாள். இன்று வெள்ளிக்கிழமை. கம்பெனி கொடுத்திருந்த மூன்று மாதத்தின் கடைசி நாள்.

மூன்று மாதத்தில் பத்து ஆயுள் காப்பீடு பிடித்தால் அவள் நிரந்தர ஏஜென்ட். ஒன்று குறைந்தாலும் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவது, அவளுடைய பெரியப்பா மகன் அபிசாயின் விண்ணப்பம், கையெழுத்தோடு கோப்புக்குள் இருந்தது. நாலு மணிக்குள் சிங்கதோகா டவுனில் உள்ள கிளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் போதும்.

ஹோட்டல் சலவைப் பிரிவில் பதினொரு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள், வேலை போனதும் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாள் என்பது தொடர்ந்து படித்துவருகிறவர்களுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அவளுடைய அக்காவின் கணவர் இறந்தார். நாலு ஊர்க்காரர்கள் வந்தார்கள். துக்கத்துக்குச் சீராக வந்த பாய்கள் கூரையைத் தொட்டன. மரியாதைக்கு வைக்கும் திமிங்கிலப் பல் வந்தது, மாடுகள் வந்தன, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் மூட்டை மூட்டையாக வந்தது. வந்ததெல்லாம் முறைப்படி பங்கு பிரிந்து போனது. பத்தாம் நாள் வீட்டில் அக்காவும் மூன்று பிள்ளைகளும் ஒரே ஒரு பாயும்தான் மிச்சம். பிள்ளைகளை இனி எப்படிப் படிக்கவைப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் வழக்கமுமில்லை.

அந்த மாதமே உனைசி ஏஜென்ட் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாள்.

முதலில் அவளைக் கண்டால் ஜனங்கள் சாலையின் மறுபக்கம் போனார்கள். சாவைப் பேசினால் சாவு வரும் என்ற பயம். அவள் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. ‘பாயெல்லாம் சுருட்டின பிறகு’ என்றுதான் சொல்வாள். ‘பாயெல்லாம் சுருட்டின பிறகு இது ஒண்ணு வீட்ல நிக்கும்.’ அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வேறு ஊருக்குப் போனால் கணவனைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கட்டு யங்கோனாவை முறையாக வைத்துவிட்டுத்தான் கோப்பைத் திறப்பாள். இதெல்லாம் கடவுளை நம்பாதவர்களுக்கு என்று பிரசங்கத்தில் சொன்ன பாதிரியார், ஐந்தாவது வாரம் பின்வாசல் வழியாக வந்து கையெழுத்துப் போட்டார். அவர் ஆறாவது ஆள்.

இரவுக் காவல் முடிந்து அவள் கணவன் மெலி உள்ளே வந்தான். ஹோட்டல் காவலாளி உடுப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தான்.

“எங்க மச்சான் அபிசாயோட இன்சூரன்ஸ் பாரம் இன்னிக்குத்தானே போகுது?”

“ஆமா, சேரு அப்பா. மத்தியானம் எடுத்துட்டுப் போறேன்.” பிள்ளை சேருவின் பெயரைச் சொல்லித்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள்.

மெலி தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். “செவ்வாக்கிழமை பல்லு பிடுங்கப் போனேன்ல, ஆஸ்பத்திரியில அவரைப் பாத்தேன். என்னைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு. அந்த உடம்புக்கு ஒரு பேப்பர் பத்துமா? ரெண்டு பக்கமும் மனுஷன் வெளிய தெரியுறாரு.”

உனைசி நிமிர்ந்தாள். “எந்த வரிசையில?”

“சக்கரை பாக்குற வரிசை. கையில அட்டை வேற. புது அட்டையில்ல, ஓரமெல்லாம் கிழிஞ்சு போன அட்டை. இதை வச்சே ஒரு வருஷம் அவரை ஓட்டலாம்னு இருக்கேன்.”

அவள் சிரிக்கவில்லை. கோப்பைத் திறந்து நாலாவது பக்கத்தைப் புரட்டினாள். பதினான்காம் கேள்வி. சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ உண்டா? இல்லை என்ற கட்டத்தில் அழுத்தமான ஒரு குறி. அவள் போட்ட குறி.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து அபிசாய் வீட்டில் நடந்தது அது.

அண்ணன் தங்கை என்றால், பெரியப்பா மகனானாலும், எங்கள் பக்கம் வயது வந்தபின் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒருவர் பார்க்க மற்றவர் சாப்பிடுவதுமில்லை. அது பகையல்ல, மரியாதை. அபிசாய் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் உனைசி. நடுவில் தூதாக அவன் மனைவி கெலேரா. நாத்தனாருக்கும் அண்ணிக்கும் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எதை வேண்டுமானாலும் பேசலாம், எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

“வாடி எலும்புக்கூடு! பொணத்துக்கு வெல பேசிப் பேசி நீயே பாதி பொணமாயிட்ட,” என்றுதான் கெலேரா அன்று வரவேற்றாள்.

“உன்னை மாதிரி பன்னி போல வளந்தா கம்பெனிக்குக் கட்டுபடியாகாது, அண்ணி.”

முதல் பத்துக் கேள்வி தடையில்லாமல் போனது. பெயர், வயது, தொழில், சிகரெட். உனைசி கேட்பாள், திரைக்கு அந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும், ஆனாலும் கெலேரா திரும்பி ஒருமுறை சொல்வாள், பதில் அதே மாதிரி வந்துசேரும். பதினொன்றில் உடம்பு ஆரம்பித்தது. சிறுநீர், மூலம், நெஞ்சு, சர்க்கரை, இன்னும் சொல்லக் கூசுகிற இரண்டு. அண்ணன் காதில் விழும்படி தங்கை அந்த வார்த்தைகளை எப்படிச் சொல்வாள்? உனைசி தலையைக் குனிந்துகொண்டாள். வாய் திறக்காமல் ஆறு கட்டத்தில் ‘இல்லை’ என்று குறி போட்டாள். கெலேரா ஒருமுறை அவளைப் பார்த்தாள். திரைக்கடியில் தாள் உள்ளே போய்க் கையெழுத்தோடு வந்தது.

‘எல்லாக் கேள்வியையும் நானே கேட்டு எழுதினேன்’ என்ற வரிக்குக் கீழே உனைசியும் கையெழுத்துப் போட்டாள்.

“பதினொண்ணுலருந்து பதினாறு வரைக்கும் நான் கேக்கவே இல்ல,” என்றாள் இப்போது.

மெலியின் முகம் மாறியது. சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சரி, விடு. காளை மாடு மாதிரி இருக்காரு. இன்னும் முப்பது வருஷம் பஸ் ஓட்டுவாரு. இன்னிக்குக் குடுத்துடு. அப்புறமா பாத்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்ப? பாயெல்லாம் சுருட்டின பிறகா?”

நாலாவது பக்கத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

“கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய அட்டையைக் கேப்பான். பொய் எழுதியிருக்குன்னு சொல்லி கெலேரா கையில ஒண்ணும் குடுக்காம போயிடுவான். ஒன்பது வீட்ல இது நிக்கும்னு சொல்லியிருக்கேன், சேரு அப்பா. பத்தாவது வீட்ல நிக்காததை எழுதி வச்சிருக்கேன்.”

“கெலேராகிட்ட கேட்டுத் திருத்திக்கோ.”

“மூஞ்சியைப் பேப்பர்ல மறைச்சவரு பொண்டாட்டிகிட்ட சொல்லியிருப்பாருன்னு நினைக்கிறீங்களா?”

மெலி எழுந்து காவலாளி சட்டையைக் கழற்றினான். தூங்கப் போகிறான் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

“கெளம்பு. மச்சான்கிட்ட நீதான் பேசக் கூடாது. நான் என்ன வேணா பேசலாம்.”

காலை நடைகள் முடிந்து பன்னிரண்டரைக்குத்தான் அபிசாயின் பஸ் சந்தைக்குப் பின்னால் நிழலில் வந்து நின்றது. பக்கவாட்டுப் படுதாக்களைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஒரு மணிக்குக் கிளம்பும் நடைக்கு இன்னும் ஆள் ஏறவில்லை. அபிசாய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து கிழங்கும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பின் படியில் உனைசி ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்ததும் டப்பாவை மூடி இருக்கைக்கு அடியில் தள்ளினான்.

அவள் கடைசி வரிசையில், வெளியே பார்த்தபடி உட்கார்ந்தாள். மெலி முன்னால் போய் என்ஜின் மூடிமேல் ஏறிக்கொண்டான்.

“என்ன மச்சான், தூக்கத்துல நடந்து வந்துட்டியா? ஏறினேல்ல, டிக்கெட் எடு,” என்றான் அபிசாய்.

“உங்க பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்குறதுக்கு நடந்து போயிடலாம். முன்னாடியே போய்ச் சேந்துருவேன்.”

அபிசாய் சிரித்தான். பஸ்ஸே கொஞ்சம் ஆடியது.

“பின்னாடி ஒருத்தங்க வந்திருக்காங்க,” என்றான் மெலி. “பாரத்துல ஆறு கேள்வி விட்டுப்போச்சாம். அவங்க என்னைக் கேப்பாங்க. நான் உங்களைக் கேப்பேன். நீங்க எனக்குச் சொன்னா போதும்.”

சிரிப்பு நின்றது. அபிசாய் கையை நீட்டித் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தான். பிறகு சாலையைப் பார்த்து நேராக உட்கார்ந்தான்.

“கேக்கச் சொல்லு.”

உனைசி பாரத்தைப் பிரித்தாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் பதினாலு வரிசை காலி இருக்கைகள்.

“ஒண்ணும் விழல,” என்று மெலி அங்கிருந்து கூவினான். “காத்துல பறந்துருச்சு!”

அவள் கோப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “பதினொண்ணு. சிறுநீர் போறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா?”

“மச்சான், ஒண்ணுக்குப் போறது ஒழுங்கா இருக்கா?”

“இந்த ரோட்டுல பஸ் ஓட்டுறவனுக்கு அது எப்படி ஒழுங்கா இருக்கும்? சும்மா சொன்னேன். ஒண்ணுமில்ல, இல்லைன்னு போடச் சொல்லு.”

“பன்னெண்டு. மூலம்?”

“நாள் முழுக்க உக்காந்திருக்குற ஆளு, யோசிச்சுச் சொல்லுங்க மச்சான்.”

“ராத்திரி முழுக்க உக்காந்தே தூங்குற காவக்காரனுக்குத்தான் அது வரும். எனக்கு இல்ல.”

பதின்மூன்று, நெஞ்சு வலி. இல்லை. மெலி நெஞ்சைத் தட்டிப் பார்த்துச் சொல்லவா என்றான். தட்டினால் கை உடையும் என்று பதில் வந்தது.

“பதினாலு,” என்றாள் உனைசி. “சக்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருக்கா?”

மெலி இந்த முறை எதுவும் சேர்க்கவில்லை. அவள் கேட்டதை அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான்.

வெளியே யாரோ வெள்ளரிக்காய் விலை கூவினார்கள். அபிசாய் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்தான். பஸ் ஓடிக்கொண்டிருப்பது போல.

“சக்கரை இருக்கு. ரெண்டு வருஷமா. மாத்திரையெல்லாம் இந்தப் பஸ்லதான் வச்சிருக்கேன். கெலேராவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ தூங்க மாட்டா.”

உனைசியின் பேனா தாளைத் தொட்டபடி நின்றது.

“ஞாயித்துக்கெழமை கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன், மச்சான். கேக்கல. கம்பெனிக்கு இது வேண்டாம் போலருக்குன்னு கையெழுத்தைப் போட்டேன்.”

“சேரு அப்பா,” என்றாள் உனைசி, வெளியே பார்த்தபடி, சந்தைக்கே கேட்கும் குரலில். “கேக்காதது ஏஜென்ட்டோட தப்பு. அவரு தப்பு இல்ல. சொல்லிடுங்க.”

“ஏஜென்ட் தப்பாம்,” என்றான் மெலி.

மிச்சம் இரண்டு கேள்வியும் முடிந்தன. அவள் ‘இல்லை’யை அடித்தாள். ‘ஆமாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். தாளை மெலி வந்து வாங்கிக்கொண்டு போனான். அபிசாயும் போட்டான்.

“இப்ப இதைத் தூக்கி எறிஞ்சுருவாங்களா? கேளு.”

“டாக்டரை வச்சுப் பாப்பாங்க,” என்றாள் உனைசி மெலியிடம். “எடுத்துக்கவும் செய்யலாம், மாட்டேன்னும் சொல்லலாம். எடுத்துக்கிட்டா மாசா மாசம் கொஞ்சம் கூடக் கட்டணும். தெரிய மூணு வாரம் ஆகும். ஆனா எடுத்துக்கிட்டா நிக்கும். யாரும் வந்து பிள்ளைங்கள எதுவும் கேக்க முடியாது.”

“மூணு வாரமா?” அபிசாயின் கழுத்து பாதி திரும்பி, நினைவு வந்து நின்றது. “மச்சான், இன்னிக்குத்தானே அவங்களுக்குக் கடைசி நாளு?”

“ஆமா.”

“இதைத் திருத்தினா கணக்குல வராதுல்ல?”

“வராது.”

“தெரிஞ்சேவா வந்தாங்க?”

“காலையில எட்டு மணிக்கே தெரியும்,” என்றான் மெலி.

அபிசாய் சட்டைப் பையிலிருந்து ஓரம் கிழிந்த அட்டையை எடுத்து நீட்டினான். “ஆஸ்பத்திரி நம்பரை எழுதிக்கச் சொல்லு. பொறுமையா எழுதட்டும். பஸ் நிக்கும்.”

பஸ் நின்றது. அந்த ஒரு மணி நடை அன்று ஏழு நிமிடம் தாமதம்.

மெலி இறங்கும்போது அபிசாய் மெல்லக் கேட்டான். “யங்கோனா குடிக்குற எடத்துல இதை வச்சு என்னைக் கிண்டல் பண்ணுவியா?”

“எதை வச்சு? நான் பல்லு பிடுங்கப் போனேன் மச்சான். வாயைத் தொறந்து கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்.”

அபிசாய் கண்ணாடியைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். கடைசி வரிசையில் அப்போது யாரும் இல்லை.

கிளை அதிகாரி கவுண்டரின் கொள்ளுத்தாத்தா இந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலில் வந்த தமிழர். ஊர்ப்பெயர் போய்விட்டது, குடும்பப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. பாரத்தை முழுக்கப் படிக்காமல் எதையும் வாங்கமாட்டார். நாலாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“என்னம்மா இது?”

“திருத்தினது, சார். நான் ஒழுங்காக் கேக்காம எழுதிட்டேன்.”

“இது மெடிக்கலுக்குப் போகும். பத்துல சேராது.”

“தெரியும், சார்.” கழுத்திலிருந்த அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை வருஷத்துல ‘ஆமாம்’கிறதை அடிச்சு ‘இல்லை’ன்னு கொண்டு வந்த ஏஜென்ட்டுங்களை நெறையப் பாத்திருக்கேன்.”

அட்டையை அவள் பக்கம் தள்ளினார். அதன்மேல் எழுதாத ஒரு பாரத்தை வைத்தார்.

“லிஸ்ட்டு சுவா தலைமை ஆபீசுக்குத் திங்கக்கெழமை காலையில எட்டு மணிக்குத்தான் போகுது. நாலு மணிங்கிறது என் சௌகரியத்துக்கு நான் சொல்றது. அதுவரைக்கும் இது உங்கிட்ட இருக்கட்டும்.”

ஐந்து மணிக்கு வீடு வந்ததும் மெலி உள்ளறையில் விழுந்தான். குறட்டை உடனே ஆரம்பித்தது. சமையலறையில் உனைசியின் மேசையருகே கெலேரா உட்கார்ந்திருந்தாள்.

எலும்புக்கூடு என்று கூப்பிடவில்லை. நாத்தனாரே என்றும் கூப்பிடவில்லை.

“உனைசி,” என்றாள்.

உனைசி கோப்பை மேசைமேல் வைத்தாள். சந்தையில் யாருக்காவது காதில் விழுந்திருக்குமோ?

“ஞாயித்துக்கெழமை நீ ஆறு கேள்வியைக் கேக்காமலே குறி போட்ட. நான் பாத்தேன்.”

“ஆமா, அண்ணி.”

“அவருக்கென்ன, காளை மாடு. கேட்டாலும் இல்லைதான், கேக்காட்டியும் இல்லைதான்.” கெலேரா பையிலிருந்து கொண்டை ஊசி டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளை மாத்திரைகள். “கொதிப்புக்கு. ஒன்றரை வருஷமா. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பயந்துருவாரு. நாப்பது பேரை வச்சு ஓட்டுறவரு, நெனப்பு ரோட்டுல இருக்க வேண்டாமா?”

உனைசி டப்பாவையே பார்த்தாள்.

“எனக்கும் ஒண்ணு போடணும்னு ஆசை. நீ கேக்காமக் குறி போட்டதும், ஆகா, இதுலயும் தப்பிச்சுக்கலாம்னு தோணுச்சு. அப்படித் தப்பிச்சா பிள்ளைங்க கையில என்ன கெடைக்கும்? அஞ்சு நாளா இதே யோசனை.” டப்பாவை அவள் பக்கம் தள்ளினாள். “பாரத்தை எடு. ஒண்ணு விடாமக் கேளு. உனக்கும் எனக்கும் நடுவுல என்னடி வெக்கம்?”

கவுண்டர் கொடுத்த பாரம் கோப்பின் மேலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணி. பதினான்காம் கேள்வியில் குறி ஒரே ஒரு கட்டம் நகர்ந்து ‘இல்லை’யில் விழுந்தால் பத்து. கெலேரா படிக்காமலே கையெழுத்துப் போடுவாள்.

உனைசி பேனாவின் மூடியைக் கழற்றினாள். பெயரிலிருந்து ஆரம்பித்தாள். எதையும் முணுமுணுக்கவில்லை. மூலத்தைக் கேட்டபோது கெலேரா பழைய கெலேராவாகி, “உன் அண்ணனோட ஒரு வீட்ல இருக்கேன், அதை விடவா தனியா ஒரு மூலம்?” என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“பதினாலு. சக்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருக்கா?”

“இருக்கு.”

உனைசி ‘ஆமாம்’ என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

அப்போது பஸ் ஹார்ன் கேட்டது. இந்தச் சந்துக்குள் பஸ் வருவதில்லை. வீட்டுக்கு முன்னால் புழுதி எழும்பி அடங்கியது. அபிசாய் இறங்கினான். வீட்டில் மனைவியைக் காணாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். கையில் ஓரம் கிழிந்த அந்த அட்டை.

“இவரு எதுக்கு இங்க வர்றாரு?” கெலேரா டப்பாவை மூடிக் கோப்புக்கு அடியில் செருகினாள். “நீ ஏதாவது சொல்லி அனுப்பினியா?”

உனைசி பேனாவை மூடினாள். முறைப்படி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். உள்ளே வரவில்லை.

“கெலேரா,” என்றது அபிசாயின் குரல். “கொஞ்சம் வெளிய வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமா சொல்லாதது.”

கெலேராவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. சுவரைப் பார்த்தபடி நின்ற உனைசியின் காதில் விழுந்தது: கோப்புக்கு அடியிலிருந்து டப்பாவை மெல்ல வெளியே இழுக்கும் சத்தம்.